விழுந்த டிரோன் மீண்டும் பறக்கலாமா?

கொல்லிமலையில், மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரமொன்றில் உங்கள் கேமரா டிரோன் உரசி விழுந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். ஓர் இறக்கையின் நுனியில் மட்டும் சிறு சில்லு போயிருக்கிறது. மறுபடி பறக்கவிடக் கை துறுதுறுக்கும். சற்றுப் பொறுங்கள், முதலில் பாட்டரியைக் கழற்றிவிட்டு ஒரு கணக்குப் போடுவோம்.

போன துண்டின் நிறை 0.1 கிராம், மையத்திலிருந்து அதன் தொலைவு 10 சென்டிமீட்டர், இறக்கை நிமிடத்துக்கு 6,000 முறை சுழல்கிறது என்று கொள்ளுங்கள். நிறையை ஆரத்தாலும், கோணத் திசைவேகத்தின் இருமடியாலும் பெருக்கினால் ஏறத்தாழ 4 நியூட்டன் வரும். எதிர்நுனியில் அந்த அளவு நிறை இருக்கிறது, இங்கே இல்லை. ஆகவே 400 கிராம் எடைக்குச் சமமான விசை, வினாடிக்கு 100 முறை சுற்றிவந்து மோட்டாரின் அச்சை உலுக்குகிறது! படம் கூழ்போல் நெளிவதும், சாய்வை அறியும் உணர்கருவி தடுமாறுவதும் இதனால்தான். சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு குறைவு. அங்கே இறக்கை இன்னும் வேகமாகச் சுழல வேண்டும், உலுக்கலும் கூடும்.

எனவே பசை போட்டு ஒட்டாதீர்கள். புது இறக்கை மாட்டுங்கள். மோட்டாரைக் கையால் சுற்றுங்கள். நறநறத்தால் உள்ளே மண். கைகளை மெல்ல முறுக்கி விரிசல் பாருங்கள். கழற்றிய பாட்டரி உப்பியிருக்கிறதா? உள்ளே வாயு சேர்ந்திருக்கிறது. மின்னேற்றினால் தீப்பற்றக்கூடும், அதை ஒதுக்கிவிடுங்கள்.

எல்லாம் சரியென்றால், ஆளில்லாத திடலில் முழங்கால் உயரத்தில் ஒரு நிமிடம் நிறுத்தி இறக்குங்கள். இறக்கைகள் நின்றபின் நான்கு மோட்டார்களையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் அதிகம் சுடுகிறதா? கோளாறு அங்கேதான்.