காது சும்மா இருக்கும் நேரம்: பாட்காஸ்ட் கேட்கத் தொடங்குவோருக்குச் சில சிபாரிசுகள்

கையும் கண்ணும் ஓயாமல் உழைத்துக்கொண்டிருக்கக் காது மாத்திரம் சும்மா இருக்கும் மனிதர்கள் எல்லா ஊரிலும் உண்டென்றாலும், சேலத்துக்குக் கிழக்கே அயோத்தியாப்பட்டணத்திலும் அதைச் சூழ்ந்த கிராமங்களிலும் அவர்கள் தொகை சற்று அதிகம் என்றே சொல்லவேண்டும். பட்டறையில் வெள்ளிக் கொலுசின் கண்ணிகளைக் கோத்துப் பற்றவைப்பவர், வாழப்பாடிப் பக்கம் பாக்குக் காய் உரிப்பவர், சமையற்கட்டில் காலைப் பொழுதைக் கழிக்கும் இல்லத்தரசி, ஆத்தூர் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடியே உத்தியோகத்துக்குப் பிரயாணம் செய்பவர் ஆகிய இவர்களுக்குப் புத்தகத்தைப் பிரிக்க அவகாசமில்லை. திரையைப் பார்க்கவும் சௌகரியமில்லை. "பாட்காஸ்ட் பாட்காஸ்ட் என்கிறார்களே, அது ரேடியோதானே? அதில் எதைக் கேட்பது?" என்று இவர்கள் கேட்கும் இரட்டைக் கேள்விக்கு விடை சொல்லும் முயற்சியே இக்கட்டுரை.

முதற் கேள்விக்கு விடை சுருக்கமானது. ரேடியோ, தான் பேசும் நேரத்துக்கு நம்மை வரச் சொல்கிறது. பாட்காஸ்ட், நமக்கு ஒழிந்த நேரத்தில் பேசுகிறது. ஒருவர் தம் குரலைப் பதிவு செய்து இணையத்தில் ஓரிடத்தில் வைத்துவிட்டு, புதுப் பகுதி வந்ததும் அதை அறிவிக்கும் ஒரு பட்டியலையும் அதனோடு சேர்த்துவிட்டால், நம் கைப்பேசியிலுள்ள செயலி அந்தப் பட்டியலை அவ்வப்போது பார்த்துப் பகுதிகளைத் தானாகவே கொண்டுவந்து சேர்க்கிறது. யந்திர ரகசியம் இவ்வளவே. 2004-ம் வருஷம் லண்டன் 'கார்டியன்' பத்திரிகையில் பென் ஹாமர்ஸ்லி என்பவர் எழுதிய ஒரு கட்டுரையில் இதற்குப் பெயர் கிடைத்தது. அடுத்த வருஷம் ஆப்பிள் நிறுவனம் தன் ஐடியூன்ஸில் இதற்கு இடங்கொடுக்கவே உலகெங்கும் பரவிற்று. தமிழர்களிடையே இது சற்றுத் தாமதித்துத்தான் வேரூன்றியது.

ஆனால் வேலை செய்யும் கைகளுக்கு மேலே ஒரு குரல் படித்துக்கொண்டிருப்பது என்ற ஏற்பாடு இந்தக் கருவிகளையெல்லாம்விட மிகப் பழையது. கியூபாவின் ஹவானா நகரச் சுருட்டுத் தொழிற்சாலைகளில் 1865 முதற்கொண்டே, தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்து ஒரு வாசகரை அமர்த்திக்கொண்டு, காலையில் பத்திரிகையும் பிற்பகலில் நாவலுமாக வாசிக்கச் செய்து கேட்டார்கள். அங்கே ஒரு சுருட்டுக்கு 'மோண்டிகிறிஸ்டோ' என்ற பெயர் வந்ததே, அலெக்சாந்தர் தூமாவின் நாவலைக் கேட்டுக் கிறங்கிய தொழிலாளர்களால்தான் என்பார்கள். கேரளத்து பீடிக் கொட்டகைகளிலும் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிக்க மற்றவர்கள் பீடி சுற்றிக்கொண்டே கேட்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. ஆகவே கைவேலைக்காரர்களுக்கு இது புதிய நாகரிகம் என்று யாரும் தயங்கவேண்டியதில்லை.

இனி, எதைக் கேட்பது? என் அபிப்பிராயத்தில் புதியவர்கள் கதையிலிருந்து தொடங்குவதே நல்லது. செய்தியும் விவாதமும் காதுக்குப் பயிற்சி தருவதற்கு முன்பே அலுப்பைத் தந்துவிடும். கதையோ, அடுத்து என்ன என்ற ஆவலினாலேயே நம்மைக் கேட்கப் பழக்கிவிடுகிறது. தீபிகா அருண் வாசித்து வழங்கும் 'கதை ஓசை'யை இவ்வகையில் முதலாவதாகச் சிபாரிசு செய்வேன். ஒரே குரல்தான்; ஆயினும் கிழவருக்கு ஒரு தளர்ச்சியும், குழந்தைக்கு ஒரு துள்ளலும், வஞ்சகனுக்கு ஒரு வழவழப்பும் அந்தக் குரலிலே வந்து சேர்ந்துவிடுகின்றன; எங்கே நிறுத்தவேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. கல்கியின் 'பொன்னியின் செல்வன்', 'சிவகாமியின் சபதம்' இரண்டையும் இவர் வாசித்திருக்கிறார். பம்பாய் கண்ணன் தயாரித்த 'பொன்னியின் செல்வன்' ஒலிப்புத்தகமோ வேறு ஜாதி: பல நடிகர்கள், பின்னணி இசை, குதிரைக் குளம்பொலி எல்லாம் கூடிய ஒலிச்சித்திரம். நாடகம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது ருசிக்கும். எனக்கென்னவோ நெடுங்கதையை நாள்தோறும் கேட்பதற்கு ஒற்றைக் குரலே உகந்ததாகத் தோன்றுகிறது.

எந்தச் செயலியைத் திறந்தாலும் கல்கியே முன்வந்து நிற்பானேன் என்று வாசகர்கள் ஐயுறலாம். அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. 1950 அக்டோபரில் 'கல்கி' வார இதழில் தொடங்கி 1954 வரை வெளிவந்த 'பொன்னியின் செல்வன்', ஐந்து பாகங்களும் 300-க்குச் சற்றே குறைந்த அத்தியாயங்களும் கொண்டது. ஒவ்வொரு வாரமும் வாசகரைத் தவிக்கவிட்டு நிறுத்தவேண்டிய நிர்ப்பந்தத்தில் எழுதப்பட்டதால், அத்தியாயங்கள் அளவிலும் முடிவிலும் பாட்காஸ்ட்டுக்கென்றே வெட்டிவைத்தவைபோல அமைந்துவிட்டன. இரண்டாவது காரணம் சட்டம். நம் நாட்டில் ஆசிரியர் காலமாகி 60 ஆண்டுகள் கழிந்த பிறகே நூல் பொதுச்சொத்தாகும். ஆயினும் தமிழக அரசு குடும்பத்தாருக்குப் பரிவுத்தொகை கொடுத்து நூல்களை நாட்டுடைமையாக்கும் வழக்கத்தை மேற்கொண்டிருப்பதால், கல்கியின் எழுத்துக்கள் 1999-லேயே எல்லோருக்கும் உரியவையாயின. 2002-ல் புதுமைப்பித்தனுடையவையும் அவ்வாறே ஆயின. இவற்றை வாசித்துப் பதிவு செய்ய யாரிடமும் கைகட்டி நிற்கவேண்டியதில்லை. பாரதியார் பாடல்களின் ஒலிபரப்பு உரிமை ஒரு காலத்தில் படமுதலாளி ஏ. வி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்ததையும், 1949-ல் அவர் அதை விட்டுக்கொடுத்த பின்னரே யாரும் தடையின்றிப் பாடும் நிலை உண்டானதையும் நினைத்தால், நம் காதுக்கு எது எட்டுகிறது என்பதை ரசிகர்களின் விருப்பத்தோடு காகிதத்தில் எழுதிய உரிமைகளும் எவ்வளவு தூரம் நிர்ணயிக்கின்றன என்பது விளங்கும்.

வாசிப்பதைக் கேட்டுப் பழகிய பிறகு, சொல்வதைக் கேட்கலாம். திருவண்ணாமலை பவா செல்லதுரை புத்தகத்தைக் கையில் வைத்துக்கொள்ளாமலே, தாம் படித்த சிறுகதையையோ நாவலையோ நண்பர் கூட்டத்தின் முன்னால் தம் பேச்சிலேயே சொல்லிச் செல்லும் பதிவுகள் இணையத்தில் அநேகம். மூலத்தில் இல்லாத ஒரு வரியை அவர் சேர்த்துவிடுவதும் உண்டென்று பண்டிதர்கள் குறை சொல்லக்கூடும். சொல்லட்டும், அவர் சொல்லக் கேட்டு மூலத்தைத் தேடிப்போகிறவர்களுக்கு லாபமே. இலக்கியக் கூட்டங்களை இருந்தபடியே பதிவு செய்து வைத்திருக்கும் 'சுருதி டிவி'யும் இந்த வரிசையில் சேர்வதுதான். மேடையில் பேசுவோரின் முகத்தை விட்டுவிட்டுக் குரலை மாத்திரம் கேட்டாலும் நஷ்டம் ஒன்றுமில்லை.

கொஞ்ச நேரமே கிடைக்கிறவர்களுக்குத் தென்கச்சி கோ. சுவாமிநாதன் இருக்கிறார். பாட்காஸ்ட் என்ற பேச்சே எழாத நாளில், அகில இந்திய வானொலியில் 'இன்று ஒரு தகவல்' என்று காலைதோறும் சில நிமிஷங்கள் பேசிய அவர், விவசாய நிகழ்ச்சிகளில் குடியானவர்களோடு பேசிப் பழகியவர். ஆதலால் அவசரம் என்பதே அந்தக் குரலில் கிடையாது. விஷயத்தை இழுத்து இழுத்துச் சொல்லிவந்து, கடைசியில் தாம் சிரிக்காமலே ஒரு வேடிக்கைக் கதையைப் போட்டு முடிப்பார். 2009-ல் அவர் காலமானார்; பதிவுகள் இணையத்தில் உலவுகின்றன. இன்றைக்குப் பாட்காஸ்ட் தொடங்குவோர் முன்னுரையிலேயே பத்து நிமிஷத்தைத் தின்றுவிடுவதைக் கேட்கும்போதெல்லாம், இவரை ஒரு மாசம் பாடமாகக் கேட்டுவிட்டு வரக்கூடாதா என்று தோன்றும்.

செய்திக்கு, விகடனின் 'இம்பர்ஃபெக்ட் ஷோ' பிரசித்தமானது. அன்றாட அரசியலைக் கேலியும் சம்பாஷணையுமாக அலசுவது. அரசியலில் அக்கறை இல்லாதவர்களுக்கு நான் அதைக் கட்டாயப்படுத்தமாட்டேன். கடல் கடந்த தமிழைக் கேட்க விரும்புவோர், ஆஸ்திரேலியாவின் எஸ்.பி.எஸ். தமிழ்ச் சேவையை ஒருமுறை திருப்பிப் பார்க்கலாம். யாழ்ப்பாணத்துப் பேச்சும் நம் பேச்சும் ஒரே நிகழ்ச்சியில் அடுத்தடுத்து ஒலிப்பது தனி சுகம். இலங்கை வானொலியில் பி. எச். அப்துல் ஹமீதின் குரலுக்காகக் காத்திருந்த தலைமுறையும், 1941 முதல் 2017 வரை ஒலித்த பிபிசி தமிழோசைக்காகச் சிற்றலையைத் திருகிக்கொண்டிருந்த தலைமுறையும் நம் வீடுகளில் இன்னும் இருக்கின்றன. அவர்களுக்கு இதை வைத்துக் கொடுத்தால் விளக்கம் ஒன்றும் தேவைப்படாது.

இங்கிலீஷில் பழக்கமுள்ள மாணவர்களுக்கு ஒன்றே ஒன்று சொல்வேன். பிபிசியில் 1998-ல் தொடங்கி, கால் நூற்றாண்டுக்கும் மேலாக மெல்வின் பிராக் நடத்திவந்த 'இன் அவர் டைம்' நிகழ்ச்சியில், மூன்று பேராசிரியர்கள் முக்கால் மணி நேரம் ஒரே விஷயத்தைப் பேசுவார்கள். அசோகரைப் பற்றிய பகுதியிலிருந்து தொடங்கலாம். மும்பை அமித் வர்மாவின் 'தி சீன் அண்ட் தி அன்சீன்' அருமையானதுதான். ஆனால் நான்கைந்து மணி நேரம் நீளும் சம்பாஷணைகள் புதியவர்களை மிரட்டிவிடும்.

செலவைப் பற்றிய பயம் வேண்டாம். அரைமணிப் பதிவுக்குச் சாதாரணத் தரத்தில் 30 எம்.பி.க்கு உட்பட்ட டேட்டாதான் ஆகும். அதே நேரத்துக்கு வீடியோ பார்த்தால் இதைப்போலப் பல மடங்கு போய்விடும். ஸ்பாட்டிஃபை 2019-ல் இந்தியாவுக்கு வந்தது. விளம்பரம் பொறுப்பவர்களுக்கு இலவசம். ஆண்ட்ராய்டு போனில் 'ஆன்டெனாபாட்' என்ற இலவசச் செயலி இன்னும் எளிது. வீட்டு வைஃபையில் ராத்திரியே இறக்கி வைத்துக்கொண்டால் பஸ்ஸில் சிக்னலைத் தேடவேண்டியதில்லை. வேகத்தைக் கூட்டிக் கேட்கும் வசதியும் உண்டு. செய்திக்குச் சரி, கதைக்கு அதைத் தொடாதிருப்பதே உத்தமம். சாலையைக் கடக்கும்போதும் வண்டி ஓட்டும்போதும் காதில் செருகியதைக் கழற்றிவிடவேண்டும் என்பதைப் பத்திரிகை சொல்லித்தான் தெரிந்துகொள்ளவேண்டுமென்பதில்லை.

இத்தனையும் சொன்ன பிறகு எனக்கொரு குறை மிஞ்சுகிறது. நான் கேட்ட வாசிப்புகளில் பெரும்பாலானவற்றில் ஒலிப்பது ஸ்டூடியோவில் தேய்த்து மெருகிட்ட பொதுத்தமிழ். சேலம், நாமக்கல் பக்கத்து வாய் மணக்கும் குரல் எனக்கு அதிகம் வாய்க்கவில்லை. மோகனூரிலே பிறந்து, சித்திரக்காரராகப் பிழைப்பைத் தொடங்கிக் கவிஞரான நாமக்கல் வெ. இராமலிங்கம் பிள்ளையின் நூல்களும் நாட்டுடைமையானவையே. எம்.ஜி.ஆர். நடித்து 1954-ல் படமாக வந்த 'மலைக்கள்ள'னின் மூலநாவல் அவருடையது. அதைவிடவும் காதுக்கு ஏற்றது 'என் கதை' என்ற அவருடைய சுயசரிதம். அதை இந்தப் பக்கத்தார் ஒருவரே வாசிக்கவேண்டும் என்பது என் ஆசை. சாதனம் கைப்பேசி ஒன்று போதும். எதிரொலியை அடக்க, துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து அதன் முன்னால் உட்கார்ந்து பேசலாம். தெருவில் தறி ஓடும் வீடுகள் இருந்தால் ராத்திரி அது நின்ற பிறகு பதிவு செய்யலாம். முடித்ததை ஸ்பாட்டிஃபையிலோ இன்டர்நெட் ஆர்க்கைவிலோ காசில்லாமல் ஏற்றிவைக்க இடமுண்டு. பகுதி ஒவ்வொன்றும் 25 நிமிஷத்தைத் தாண்டாதிருத்தல் நலம். அயோத்தியாப்பட்டணத்தில் பஸ் ஏறினவர் வாழப்பாடியில் இறங்குவதற்குள் அது முடிந்துவிடவேண்டும்.