வால் நட்சத்திரத் தூசியில் வெப்பத்தின் தடயம்

சூரிய மண்டலம் உருவானபோது எஞ்சிய பொருட்களே வால் நட்சத்திரங்கள். நெப்டியூனுக்கு அப்பாலுள்ள கடுங்குளிரில் பிறந்த அவற்றில் பனிக்கட்டியும், சூரியனுக்கும் முந்தைய விண்மீன் தூசியுமே பெரும்பாலும் இருக்கும் என விஞ்ஞானிகள் கருதி வந்தனர்.

நாசாவின் ஸ்டார்டஸ்ட் விண்கலம் 2004 ஜனவரியில் வில்ட்-2 என்ற வால் நட்சத்திரத்தை நெருங்கித் தூசி சேகரித்தது. 2006 ஜனவரியில் அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்தில் வந்திறங்கிய அந்தத் தூசியின் எடை ஒரு மில்லிகிராம்கூட இல்லை. ஆனால் பழைய கணிப்பைக் கலைக்க அதுவே போதுமானதாயிற்று. ஆயிரம் டிகிரி செல்சியஸுக்கும் அதிகமான வெப்பத்தில் உருவான கனிமங்கள் அதில் காணப்பட்டன.

சூரியனுக்கு அருகே உருவான துகள்கள் அவ்வளவு தொலைவு சென்றது எப்படி? சுமார் 460 கோடி ஆண்டுகளுக்கு முன் இளஞ்சூரியனைச் சுற்றியிருந்த வாயுத் தட்டில், எண்ணியதைவிடப் பெரிய கலவை நடந்திருக்க வேண்டும். அத்துகள்களைச் சுமந்து சென்ற விசை எது என்பதில்தான் இன்னமும் ஒருமித்த கருத்து எட்டப்படவில்லை.