பாட்டனுக்குத் தகப்பன் பெயர் என்ன?

1860-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ஆம் தேதி சென்னையில் இருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல், நவம்பர் 16-ஆம் தேதி தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. நேட்டால் கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய ஒப்பந்தக் கூலிகளாகப் போன 342 பேர் அதில் இருந்தார்கள். அன்று தொடங்கி 1911 வரை 1,52,184 பேர் இப்படிப் போனார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பலேறியவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். எண்ணுக்கு நேராகப் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள தழும்பு அல்லது மச்சம் என்று வரிசையாக எழுதி வைத்தார்கள்.

எழுதியவர்களுக்குக் குடும்ப வரலாற்றில் எந்த அக்கறையும் கிடையாது. தோட்டத்தை விட்டு ஓடியவரைப் பிடிக்கத் தழும்பு தேவைப்பட்டது; ஒப்பந்தக் கணக்கு முடிக்க எண் தேவைப்பட்டது. அடிமைத்தனத்துக்கு நெருக்கமான ஒரு வாழ்க்கையின் கணக்குப் புத்தகம் அது. ஆனால் ஐந்து தலைமுறை கழித்து, கோவெண்டர், மூட்லி, முன்சாமி, பெருமாள் என்ற குடும்பப் பெயர்களோடு டர்பனில் வாழ்கிறவர்களுக்கு அந்தப் பட்டியல்தான் ஆதி ஏடு. தமிழ் பேச வராத பேரப்பிள்ளைகள் அதில் தங்கள் பூட்டனின் வரியைக் கண்டுபிடித்து, நகலெடுத்துக்கொண்டு இங்கே ஊர் தேடி வருகிறார்கள்.

தேடல் லேசானதல்ல. ஊர்ப் பெயரைக் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்கள். 'புதூர்' என்று சரியாகவே எழுதியிருந்தாலும் புதூர் இல்லாத தாலுகா எது? வட ஆற்காடு ஜில்லா என்று இருந்தால் இன்னொரு சிக்கல். 1911-இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது வட ஆற்காட்டின் ஒரு பகுதி அங்கே போய்விட்டது. அந்த ஊர் இன்று ஆந்திரத்தில் இருக்கலாம். இப்படி வழி தெரியாமல் நிற்கும்போது கைகொடுப்பது குலதெய்வத்தின் பெயர். மொழி போன பிறகும், ஊர் மறந்த பிறகும், எந்த அம்மனுக்கு அல்லது எந்த அய்யனாருக்குப் பொங்கல் வைத்தோம் என்பதைச் சில குடும்பங்கள் விடாமல் சொல்லி வந்திருக்கின்றன. கோயிலைக் கண்டுபிடித்தால் பங்காளிகளைக் கண்டுபிடித்துவிடலாம்.

அந்தப் பங்காளிகள் நாம்தான். கப்பலேறாமல் இங்கேயே தங்கியவர்களின் வாரிசுகள். கடல் தாண்டி வந்தவர் நம் வாசலில் நின்று, "உங்கள் பாட்டனுக்குத் தகப்பன் பெயர் என்ன?" என்று கேட்டால் நம்மில் எத்தனை பேரால் பதில் சொல்ல முடியும்? திதி கொடுக்கும் வீடுகளில் மூன்று தலைமுறைப் பெயர் சொல்ல வேண்டும் என்ற முறை இருப்பதால் அங்கே பூட்டன் பெயராவது தப்பிக்கிறது. நகரத்தார் வீடுகளில் திருமணம் ஆனதும் கணவன் மனைவியை ஒரு புள்ளியாகக் கோயிலில் பதிவு செய்கிறார்கள். கிறித்தவக் குடும்பங்களுக்கு ஞானஸ்நானப் பதிவேடு இருக்கிறது. இவை எதுவும் இல்லாத வீடுகளில் பாட்டனோடு கதை முடிந்துவிடுகிறது. நம் இனிஷியலும் ஒரு தலைமுறைக்கு மேல் எதையும் சுமப்பதில்லை.

பெண்கள் விஷயத்தில் நிலைமை இன்னும் மோசம். வம்சாவளி எழுதி வைத்திருக்கும் வீடுகளில்கூடப் பாருங்கள்: ஆண்மக்கள் பெயர் கிளை கிளையாகப் பிரிந்து போகும். மருமகளாக வந்தவள் எந்த ஊர், யார் மகள், கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்பது இருக்காது. கட்டிக்கொடுத்த பெண்கள் பல சமயம் பட்டியலிலேயே இருக்க மாட்டார்கள். நேட்டால் கப்பல் பட்டியலில் கூலியாகப் போன பெண்ணுக்குத் தனி எண், தனி வரி, தகப்பன் பெயர், ஊர்ப் பெயர் எல்லாம் இருக்கின்றன. வெள்ளைக்காரக் கங்காணித்தனம் ஒரு பெண்ணுக்குக் கொடுத்த வரியை அவள் பிறந்த வீடும் புகுந்த வீடும் கொடுக்கவில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். அவள் வரலாறு முழுதாகச் சொல்லப்பட்ட ஒரே இடம் சாவு வீடு. ஒப்பாரி வைக்கிற பெண்கள் செத்தவளின் பிறந்த வீட்டுப் பெருமை, அண்ணன் தம்பி கொண்டுவந்த சீர், அவள் பட்ட பாடு என எல்லாவற்றையும் கோத்துப் பாடுவார்கள். அந்தப் பாட்டிகளும் இப்போது குறைந்துவிட்டார்கள்.

இதெல்லாம் போனால் என்ன நஷ்டம் என்று கேட்பவர்களுக்கு இலங்கை மலையகத்தைக் காட்ட வேண்டும். திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, ராமநாதபுரம் பக்கங்களில் இருந்து கங்காணிகளின் கீழ்க் கூட்டம் கூட்டமாகக் காப்பித் தோட்டத்துக்கும் பிறகு தேயிலைத் தோட்டத்துக்கும் நம் மக்கள் போனார்கள். நேட்டால் போன்ற பட்டியல் அவர்களுக்கு இல்லை. ஆரம்ப காலத்தில் கடலைக் கடந்ததும் நடையாகவே மலையேறினார்கள். வழியில் விழுந்து செத்தவர்கள் பெயர்கூட எங்கும் இல்லை. 1901-க்குப் பிறகு கழுத்தில் ஒரு தகரத் துண்டைக் கட்டி அனுப்பினார்கள். அதில் தோட்டத்தின் எண் இருந்தது, ஆளின் எண் இருந்தது; அவன் தகப்பன் யார், ஊர் எது என்பது இல்லை.

1948-இல் இலங்கை சுதந்திரம் பெற்ற ஆண்டிலேயே குடியுரிமைச் சட்டம் வந்தது. இலங்கையில் பிறந்தவராக இருந்தால் மட்டும் போதாது. தகப்பனும் அங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும். லயத்துக் காம்பிராவில், அதாவது தோட்டக் கூலிகளின் வரிசை வீட்டு அறையில், பிறந்த தகப்பனுக்குப் பிறப்புச் சான்றிதழ் எங்கிருந்து கொண்டுவருவது? சுமார் 7 லட்சம் பேர் நாடற்றவர்கள் ஆனார்கள். சட்டத்தின் நோக்கமே அவர்களை விலக்குவதுதான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் விலக்குவதற்குக் கையில் எடுத்த ஆயுதம் எது என்பதைக் கவனிக்க வேண்டும். பாட்டனின் காகிதத்தைக் கேட்டார்கள். ஏழைகளிடம் அது இருக்காது என்று தெரிந்தே கேட்டார்கள்.

1964-இல் இலங்கை, இந்தியப் பிரதமர்களின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3 லட்சம் பேரை இலங்கை ஏற்பது, மிச்சம் ஒன்றரை லட்சம் பேரைப் பற்றிப் பிறகு பேசுவது என்று மனிதர்களைப் பங்கு பிரித்தார்கள். மூன்று தலைமுறைக்கு முன் பாட்டன் விட்டுப்போன தாய்நாட்டுக்கு, அவனுடைய ஊர்ப் பெயர் தெரிந்தும் தெரியாமலும், பேரப்பிள்ளைகள் மண்டபம் முகாமில் வந்து இறங்கினார்கள். கோத்தகிரியிலும் கூடலூரிலும் அவர்களின் பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள். இலங்கையில் தங்கிய கடைசி நாடற்றவர்களுக்கும் வழி பிறந்தது 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான். பாட்டனின் பெயரும் ஊரும் ஒரு தாளில் இருப்பது சோறும் நிலமும் நாடும் சம்பந்தப்பட்ட விஷயம். இங்கேயே தங்கியவர்களுக்கும் அப்படித்தான். 1892-இல் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு ஒதுக்கத் தொடங்கிய பஞ்சமி நிலங்களை மீட்கப் போராடுகிற குடும்பங்களைக் கேளுங்கள். யார் பெயருக்கு எந்தப் புல எண்ணில் கொடுத்தது, அவருக்கு நாம் எந்த வழியில் வாரிசு என்று காட்டுவதில்தான் பாதி வழக்கு நிற்கிறது.

ஆகவே நம் வீட்டிலேயே தேடத் தொடங்க வேண்டும். டிரங்குப் பெட்டியில் கிடக்கும் பழைய கிரயப் பத்திரத்தை எடுத்து நிதானமாகப் படியுங்கள். எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர் இருவருக்கும் தகப்பன் பெயர் இருக்கும், குடியிருந்த ஊர் இருக்கும், தொழில் இருக்கும். எதற்காக நிலத்தை விற்றார் என்பதும் பல பத்திரங்களில் இருக்கும்: மகள் கல்யாணச் செலவு, வைத்தியச் செலவு, வட்டிக் கடன். செக்குபந்தி என்று நான்கு எல்லை சொல்லும் இடத்தில் பக்கத்து நிலத்துக்காரர்கள் பெயர் வரும். அவர்களில் இரண்டு பேர் பெரும்பாலும் உங்கள் பாட்டனின் அண்ணன் தம்பிகள். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் மாமனாகவோ மச்சானாகவோ இருப்பார்.

மொய் நோட்டை யாரும் வரலாறாக நினைப்பதில்லை. எனக்கு அது மிக உயர்ந்த ஆவணம். ஒரு கல்யாணத்துக்கு யார் யார் எந்தெந்த ஊரில் இருந்து வந்தார்கள், தாய்மாமன் முறையில் யார் முதலில் எழுதினார், எவ்வளவு எழுதினார் என்ற முழு உறவுப் படமும் அதில் இருக்கிறது. இரண்டு கல்யாணத்து மொய் நோட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் இடையில் எந்த உறவு அறுந்தது, எது புதிதாகச் சேர்ந்தது என்று தெரியும். முறை செய்து முடித்ததும் அந்த நோட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.

புகைப்படங்களில் ஒரு வேலை உடனே செய்ய வேண்டும்: பின்பக்கம் பென்சிலால் பெயர் எழுதுவது. சுவரில் மாட்டிய குரூப் போட்டோவில் நிற்கும் பத்துப் பேரில் நான்கு பேரை மட்டும் அடையாளம் சொல்ல ஒருவர் உயிரோடு இருப்பார். அவரும் போனால் மற்ற ஆறு பேரோடு சேர்த்து எல்லோரும் யாரோ ஆகிவிடுவார்கள். வாழ்நாள் முழுதும் ஒரு படம்கூட எடுத்துக்கொள்ளாதவரை இறந்த பிறகு நாற்காலியில் உட்கார வைத்து மாலை போட்டு எடுத்த படங்கள் நம் கிராமங்களில் ஏராளம். பயந்துகொண்டு அவற்றைக் கிழித்துப் போடுகிறார்கள். அந்த முகத்துக்கு வேறு சாட்சி இல்லை, வைத்திருங்கள். தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோக்களின் படங்களைப் புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தேடித் தேடிக் கணினியில் ஏற்றியிருக்கிறது. ஒரு நிறுவனம் யாரோ ஒருவருடைய தாத்தா படத்துக்கு இவ்வளவு மரியாதை செய்யும்போது பேரன் செய்யலாம்.

அலுவலகங்களில் கிடைப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பதிவுத்துறையின் வில்லங்கச் சான்று 1975-இல் இருந்து இணையத்திலேயே கிடைக்கும்; அதற்கு முந்தையதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட வேண்டும். தாலுகா அலுவலகத்தில் நிலவரித் திட்டக் காலத்துப் பழைய பதிவேடுகள் இருக்கும். எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. காகிதத்தில் ஒரு பெயரைக் கண்டால் உடனே நம் ஆள் என்று முடிவு கட்டக் கூடாது. பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம் என்பதால் ஒரே ஊரில், ஒரே குடும்பத்தில், நான்கு முத்துசாமிகள் இருப்பார்கள். தகப்பன் பெயரும் புல எண்ணும் சேர்ந்து பொருந்தினால்தான் நம்பலாம்.

ஆனால் நிலமே இல்லாதவனுக்குப் பத்திரம் ஏது? அவன் வரலாறு முழுவதும் யாரோ ஒரு கிழவியின் வாயில் இருக்கிறது. அவளிடம் போய், "என்ன வருஷத்துல பொறந்தீங்க ஆத்தா?" என்று கேட்டால் பயன் இல்லை. "தனுஷ்கோடிப் புயல் அடிச்சப்ப உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேட்டால் பதில் வரும், அது 1964 டிசம்பர். காந்தி செத்தது, எம்.ஜி.ஆரைச் சுட்டது என்று அந்தந்த ஊருக்குத் தெரிந்த கணக்கு இருக்கிறது. அவள் தன் பாட்டி சொன்னதாக ஒரு பெரும் பஞ்சத்தைச் சொன்னால் அது 1876-இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சமாக இருக்கலாம். நேட்டாலுக்கும் இலங்கைக்கும் நம்மவர்கள் போனதன் ஒரு பெரிய காரணத்தை அங்கே தொடுகிறீர்கள். பொழுதுபோகாத மத்தியான வேளையில், கீரை ஆய்ந்துகொண்டோ பூக் கட்டிக்கொண்டோ இருக்கும்போது கேளுங்கள். செல்போனில் குரலைப் பதிவு செய்வதை அவளிடம் சொல்லிவிட்டே செய்யுங்கள். இடையில் குறுக்கிட்டுத் திருத்த வேண்டாம். சின்னம்மா வேறு மாதிரி சொன்னால் அதையும் பக்கத்தில் எழுதுங்கள், இரண்டும் இருக்கட்டும்.

குடும்ப வரலாறு எழுதப் புகுந்ததும் சிலர் நேரே ஒரு சோழ மன்னனையோ பாண்டிய தளபதியையோ தேடிப் போகிறார்கள். அது தேவையில்லை. பஞ்சத்தில் மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்து நான்காவதைப் பிழைக்க வைத்த ஒரு தாய் நம் வம்சத்தில் இருந்தாள் என்பதைவிடப் பெரிய பெருமை எந்த மன்னனால் வரும்? மூத்த தாரம் இருக்க இரண்டாவது கட்டியது, சாதி மாறிக் கட்டிக்கொண்டு ஊரை விட்டுப் போன அத்தை, பிறந்த வீட்டுக்கே திரும்பி வராத மகள், தூக்கில் தொங்கிய சித்தப்பா ஆகிய எல்லாவற்றையும் எழுத வேண்டும். உயிரோடு இருப்பவர்களைப் புண்படுத்தும் என்றால் அந்தப் பக்கங்களை இப்போதைக்கு மூடி வையுங்கள். எழுதாமல் விட வேண்டாம். ஒதுக்கப்பட்ட அத்தையின் பெயரை நீங்கள் எழுதவில்லை என்றால் அவளை இரண்டாம் முறை வீட்டை விட்டுத் துரத்துகிறீர்கள்.

இந்தப் பொங்கலுக்கோ பங்குனி உத்திரத்துக்கோ ஊருக்குப் போகும்போது ஒரு நாற்பது பக்க நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு போங்கள். அப்பா வழியைப் பிறகு பார்க்கலாம். முதலில் அம்மாவின் அம்மா பிறந்த ஊர், அவள் தகப்பன் பெயர், தாயின் பெயர், அந்தத் தாய் பிறந்த ஊர் என்று பெண் வழியில் எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போங்கள். எழுதியதை நான்கு படி எடுத்து நான்கு வீடுகளில் கொடுங்கள், கட்டிக்கொடுத்த பெண்கள் வீட்டிலும் ஒன்று இருக்கட்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை வீடுகளில் ஆல்பங்களும் பத்திரங்களும் ஊறிப்போனதைப் பார்த்தோம். ஒரே படியாக ஒரே வீட்டில் இருந்தவை திரும்பக் கிடைக்கவில்லை.