பூக்களின் பள்ளத்தாக்கும் நம் கோடை விடுமுறையும்

கோடை விடுமுறை வந்தவுடன் மலைநாடு நோக்கிப் புறப்படுதல் நம்மவர் வழக்கம். உதகையும் கொடைக்கானலும் கண்டு சலித்தோர், கையில் சற்றுப் பொருள் சேர்ந்ததும் இமயத்தை நாடுகின்றனர். அவ்வாறு நாடுவோர் உள்ளத்தைப் படங்களால் கவரும் இடங்களுள் ஒன்று, உத்தராகண்ட் மாநிலத்துச் சமோலி மாவட்டத்தில் உள்ள பூக்களின் பள்ளத்தாக்கு. யாமும் ஒரு மே மாத இறுதியில், தேர்வுத்தாள் திருத்தும் பணி முடிந்த கையோடு ஆங்குச் சென்றோம். மூன்று நாள் பயணத்திற்குப் பின் யாம் கண்டது அடைக்கப்பட்ட வாயில் ஒன்றே. அப்பால் பள்ளங்களில் பனி கிடந்தது. பூ ஒன்றேனும் கண்ணிற்படவில்லை. தவறு எம்முடையதே. நம் கோடை வேறு, அம்மலையின் கோடை வேறு என்பதை அறியாது சென்றோம்.

இதனைச் சற்று விளக்குதல் பயனுடைத்து. பள்ளத்தாக்கில் மக்கள் நடந்து காணும் பகுதி கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 3,350 முதல் 3,650 மீட்டர் உயரத்தில் உள்ளது. நவம்பரில் விழத் தொடங்கும் பனி மே வரை நிலத்தை மூடிக்கிடக்கிறது. செடிகளுக்கு வாய்ப்பது நான்கு திங்களே. அதற்குள் முளைத்து, இலைவிட்டு, பூத்து, விதை உதிர்த்தாக வேண்டும். ஆதலின் அவை ஒன்றையொன்று முந்துகின்றன. சூன் மாதத்தில் பனி உருகும் ஓரங்களிலேயே பிரிமுலா போன்ற சிறுபூக்கள் தலைகாட்டுகின்றன. பருவமழை வந்தபின் சூலை நடுவிலிருந்து ஆகஸ்டு நடுவரை பள்ளத்தாக்கு நிறைகிறது. செப்டம்பரில் இலை பழுத்து மஞ்சளாகிறது. பனிநீரும் மழைநீரும் சேர்ந்து ஊட்டுவதே அம்மலர்வளத்தின் காரணம். மழைக்கு அஞ்சுவோர் பூவைக் காண இயலாது. பூங்கா சூன் முதல் நாளில் திறக்கப்பெற்று அக்டோபர் இறுதியில் அடைக்கப்பெறுகிறது.

சில ஆண்டுகள் கழித்து ஓர் ஆகஸ்டுத் திங்களில் விடுப்பெடுத்துக்கொண்டு மீண்டும் சென்றோம். ரிஷிகேசத்திலிருந்து அலக்நந்தா ஆற்றை ஒட்டி ஏறும் பாதை கோவிந்த்காட்டில் பிரிகிறது. புல்னா வரை சிறு ஊர்திகள் செல்கின்றன. பின்னர் ஏறத்தாழ 10 கி.மீ. நடை அல்லது கோவேறு கழுதைச் சவாரி. காங்காரியாவை அடைந்தால் இரவு தங்கலாம். ஹேம்குந்த் சாகிபுக்குச் செல்லும் சீக்கியப் பெருமக்களின் வழியும் இதுவே. குருத்துவாராவில் அவர்கள் வந்தோர் யாவர்க்கும் பந்தியிட்டு உணவளிக்கின்றனர். நனைந்து நடுங்கிய எமக்கு அவ்வுணவு அமிழ்தமாயிற்று. அவ்வுயரத்தில் மூச்சிரைப்பது இயல்பு. முதியோர் ஓரிரவு ஓய்ந்து மறுநாள் ஏறுதலே நன்று. பள்ளத்தாக்கினுள் கழுதைகளுக்கு இடமில்லை. கூடாரமிட்டுத் தங்கவும் இசைவு இல்லை. காலையில் புகுந்தோர் மாலைக்குள் திரும்பிவிட வேண்டும்.

புஷ்பாவதி ஆற்றின் பாலத்தைக் கடந்ததும் பூர்ஜ மரங்கள் நிற்கின்றன. நமக்குப் பனையோலை எவ்வாறோ, அவ்வாறே வடபுலத்தார்க்கு ஏடாக விளங்கியது இம்மரத்தின் பட்டை. அதனைத் தொட்டுப் பார்த்தபோது ஆசிரியத் தொழிலின் பழைய கருவியொன்றைத் தொட்ட உணர்வு உண்டாயிற்று. அப்பால் வெளி விரிகிறது. 500-க்கும் மேற்பட்ட பூச்செடி வகைகள் இங்கு உள்ளன. இளஞ்சிவப்புக் காசித்தும்பை இனமொன்று ஆளுயரத்திற்கு வளர்ந்து சரிவுகளை மூடியிருந்தது. நீல நிறக் கசகசாப் பூவோ பாறையிடுக்கில் தனித்து நின்றது. குறிஞ்சிப்பாட்டின் மலர்ப்பெயர்களை ஒப்புவிக்கும் மாணவரைப் போன்று வழிகாட்டி பெயர்களை அடுக்கினார். பாதிகூட எம் நினைவில் நிற்கவில்லை.

இவ்விடத்தை ஆங்கில மலையேறியான பிராங்க் சுமைத் 1931-இல் 'கண்டுபிடித்தார்' என்று எழுதுவர். காமெட் சிகரம் ஏறித் திரும்புகையில் அவர் இங்கு இறங்கியதும், 1937-இல் மீண்டும் வந்து தங்கியதும், மறு ஆண்டு நூல் வெளியிட்டதும் மெய். ஆயினும் தலைமுறை தலைமுறையாக ஆடு மேய்த்து வந்த மக்களுக்குத் தெரிந்திருந்த நிலத்தைப் பிறர் எவ்வாறு கண்டுபிடிக்க இயலும்? 1939-இல் செடிகள் திரட்ட வந்த ஜோன் மார்கரெட் லெக் என்னும் அம்மையார் சரிவில் வழுக்கி விழுந்து இங்கேயே மாண்டார். அவர்தம் சகோதரி நாட்டிய கல் பூக்களுக்கிடையே இன்றும் உள்ளது.

1982-இல் 87.5 சதுர கி.மீ. பரப்புடைய தேசியப் பூங்காவாக இது அறிவிக்கப்பட்டது. 2005-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. மேய்ச்சல் தடுக்கப்பட்டது. பூக்களைக் காக்க இது வேண்டியதே என்று யாமும் எண்ணியிருந்தோம். ஆனால் செய்தி அத்துணை எளிதன்று. உள்ளூரார் 'அமேலா' என வழங்கும் பலிகோனம் இனச் செடி பெருகிப் பிற செடிகளை மூடி நெருக்கி வருகிறது. ஆடுகள் வராமையே அதற்குக் காரணம் என்பர் ஒரு சாரார். முற்காலத்து அளவிறந்த மேய்ச்சலால் நிலம் சிதைந்தமையே வேர் என்பர் மற்றொரு சாரார். இவ்வழக்கு இன்னும் முடியவில்லை. மேய்ச்சல் நிலம் இழந்த பியூந்தார் மக்களோ 2013 சூன் வெள்ளத்தில் ஊரையும் இழந்தனர். அம்மக்கள் இன்று நம் மூட்டைகளைச் சுமந்தும், நாம் எறியும் நெகிழிக் குப்பைகளைப் பொறுக்கியும் பிழைக்கின்றனர். எம் சுமையைத் தூக்கி வந்த பெரியவர், சிறுவனாயிருந்தபோது தந்தையுடன் இங்கு ஆடு ஓட்டி வந்ததைச் சொன்னார். தம் ஆடுகள் நின்ற இடத்தைக் காட்டவும் செய்தார். அங்கு, வனத்துறைப் பணியாளர் சிலர் மழையில் குனிந்து அமேலாவை வேரோடு பிடுங்கிக்கொண்டிருந்தனர். அது விதைக்குமுன் பிடுங்கிவிட வேண்டுமாம்.