கடல் கடந்து வரும் இனிப்புகள்

தமிழகஞ் சென்று மீளும் நண்பர்கள் கொண்டுவரும் பலகாரப் பொட்டலங்களைச் சுவைப்போர் பலர், இந்திய இனிப்புகள் யாவும் அளவுமீறித் தித்திப்பவை என்று தீர்ப்புக் கூறிவிடுவதுண்டு. இத்தீர்ப்பு முழுதும் நியாயமானதன்று. பயணத்தைத் தாங்கக்கூடியவை மட்டுமே இங்கு வந்து சேருகின்றன என்பதை அவர்கள் எண்ணிப்பார்ப்பதில்லை.

திருநெல்வேலி அல்வாவை எடுத்துக்கொள்வோம். கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பிழிந்த பாலைச் சீனியோடு சேர்த்து, நெய் வார்த்துக் கைவலிக்கக் கிண்டுவர். நீர் பெரிதும் வற்றிவிடுகிறது. எஞ்சிய நீரையும் சீனி பற்றிக்கொள்வதால் கிருமிகள் எளிதிற் பெருகமாட்டா. ஆகவே, அம்மிகுந்த தித்திப்பு நாவுக்காக மட்டுமன்று, காவலுக்காகவும் அமைந்ததாகும். வந்த அல்வாவைச் சற்றே வெதுப்பி உண்டால், உறைந்த நெய் இளகி மணம் மீளும். வாழைப்பழம் சேர்ந்த பழநிப் பஞ்சாமிர்தம் கெடாதிருப்பதும் இவ்வாறே. நீர் விடாது, சர்க்கரையும் தேனும் பிறவும் கூட்டியே அதனைப் பிசைகின்றனர்.

2020 இல் புவிசார் குறியீடு பெற்ற கோவிற்பட்டிக் கடலைமிட்டாய்க்கு ஈரக்காற்றே பகை. தகரப்பேணியில் இறுக மூடிவைத்தல் வேண்டும். இல்லையேல் பிசுபிசுத்து, நொறுங்குந் தன்மையை இழந்துவிடும்.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவின் நிலை வேறு. பாலுஞ் சீனியுமே அதன் உடல். ஈரமும் சற்று மிகுதி. நம் நாட்டு வெப்பத்தில் சில நாட்களிலேயே புளிப்புவாடை தட்டும். அன்போடு கொணர்ந்தவர் மனம் நோகுமே என்று அதனை உண்பது தகாது. குழந்தைகளுக்குக் கொடுப்பது அறவே தகாது.

எண்ணெய்ச் சட்டியிலிருந்து பாகில் விழுந்து, சூடு ஆறுமுன் உண்ணவேண்டிய ஜிலேபியை எப்பெட்டியும் சுமந்து வராது. அதன் மொறுமொறுப்பை அறிய விரும்புவோர், அங்குள்ள கடைவாசலிற் போய் நிற்கவேண்டியதுதான்.