சொன்ன வண்ணம் செய்யும் பெட்டி

உங்களுக்குத் தெரியுமா? இந்த முறை: கேமிங் கம்ப்யூட்டர், ரெடிமேடா அசெம்பிள்டா?

திருமழிசை ஆழ்வார் ‘கிளம்பு’ என்றதும் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு பெருமாள் பின்னாலேயே போனார், ‘திரும்பு’ என்றதும் வந்து படுத்தார் என்பது கதை. காஞ்சிபுரம் திருவெஃகாவில் அவருக்குச் சொன்னவண்ணம் செய்த பெருமாள் என்றே பெயர். ஆழ்வார் பிறந்த ஊர்ப் பிள்ளைகள் இன்று கேட்பது, சொன்ன வண்ணம் செய்யும் கம்ப்யூட்டர். ‘பிளஸ் டூ முடி, வாங்கித் தருகிறேன்’ என்று வாக்குக் கொடுத்துவிட்ட அப்பா அம்மாக்களுக்காக இந்தத் துணுக்குகள்.

◆ திருமழிசையிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் மேற்கே போனால் ஸ்ரீபெரும்புதூர். அங்கே டெல் நிறுவனம் 2007இல் தொழிற்சாலை திறந்தது. 2020 முதல் எச்பியும் ஃபிளெக்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து அங்கேயே கம்ப்யூட்டர் தயாரிக்கிறது. கிழக்கே பூந்தமல்லி தாண்டி அண்ணா சாலைக்குப் போனால் கம்ப்யூட்டர் சந்தையான ரிச்சி தெரு. ஒரு பக்கம் பெரிய ஆலை, இன்னொரு பக்கம் பத்துக்குப் பத்துக் கடை. செய்கிற வேலை ஒன்றுதான்: எங்கெங்கோ தயாரான மதர்போர்டு, பிராசஸர், ராம், இவற்றுக்கெல்லாம் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் எல்லாவற்றையும் கேபினட்டுக்குள் பூட்டுவது. பிராண்டட் கம்ப்யூட்டரும் அசெம்பிள் செய்ததுதான். உள்ளே என்ன போகிறது என்று முடிவு செய்வது யார், கம்பெனியா நீங்களா என்பதில்தான் வித்தியாசம்.

◆ ஒரு கம்பெனியின் மதர்போர்டு இன்னொரு கம்பெனியின் கேபினட்டில் எப்படிக் கச்சிதமாகப் பொருந்துகிறது? இன்டெல் 1995இல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் அளவு முறைதான் காரணம். 305 மில்லிமீட்டருக்கு 244 மில்லிமீட்டர். திருகு ஓட்டைகள் எங்கே, பின்பக்க இணைப்புகள் எங்கே என்பது வரை அதில் உண்டு. முப்பது வருடமாக உலகம் முழுக்க அதே ஓட்டை, அதே திருகு. ரிச்சி தெரு மாதிரி ஒரு சந்தை நடப்பதே இந்த ஒழுங்கை நம்பித்தான்.

◆ ஆனால் எல்லாப் பெட்டியிலும் அந்த ஒழுங்கு இருக்கும் என்று நினைக்க வேண்டாம். 1990களின் கடைசியில் வந்த சில டெல் கம்ப்யூட்டர்களில், பார்ப்பதற்கு ஏடிஎக்ஸ் போலவே இருக்கும் பவர் கனெக்டரில் ஒயர்கள் வேறு வரிசையில் இருந்தன. கடையில் வாங்கிய சாதாரண எஸ்எம்பிஎஸ்ஸை அதில் மாட்டினால் போர்டு போய்விடும். இன்றைக்கும் பெரிய கம்பெனிகளின் ரெடிமேட் பெட்டிகள் சிலவற்றில் அந்தக் கம்பெனிக்கே உரிய வடிவத்தில் மதர்போர்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் இருக்கின்றன. வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி: “மூணு வருஷம் கழிச்சு எஸ்எம்பிஎஸ் போனா வெளியில வாங்கிப் போடலாமா?”

◆ விலையைக் குறைக்க வேண்டும் என்றால், ரெடிமேடாக இருந்தாலும் அசெம்பிள்டாக இருந்தாலும் முதலில் கை வைக்கும் இடம் எஸ்எம்பிஎஸ். விளம்பரத்தில் பிராசஸர் பெயர் இருக்கும், கிராபிக்ஸ் கார்டு பெயர் இருக்கும், ராம் எத்தனை ஜிபி என்று இருக்கும். எஸ்எம்பிஎஸ் பற்றி ஒரு வரி இருக்காது. பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள். 12 வோல்ட் என்ற கட்டத்தில் எத்தனை ஆம்பியர் என்று போட்டிருக்கும். அதை 12ஆல் பெருக்குங்கள். 18 ஆம்பியர் என்றால் 216 வாட்தான். பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் இந்த 12 வோல்ட்டை நம்பித்தான் ஓடுகின்றன. பெட்டி மேல் 450 வாட் என்று கொட்டை எழுத்தில் இருந்தாலும் அவற்றுக்குக் கிடைப்பது அந்த 216தான். இன்றைய நல்ல எஸ்எம்பிஎஸ்களில் 12 வோல்ட் பக்கமே ஏறத்தாழ முழு வாட்டையும் தரும். கிராபிக்ஸ் கார்டுக்கு முப்பதாயிரம் எண்ணி வைக்கிற வீட்டில், இதில் ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிப்பதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. மட்டமான எஸ்எம்பிஎஸ் போகும்போது சில சமயம் மதர்போர்டையும் கூடவே கூட்டிக்கொண்டு போகும்.

◆ ‘80 பிளஸ்’ முத்திரை இருந்தால், சுவரிலிருந்து இழுக்கும் கரண்ட்டில் குறைந்தது 80 சதவீதம் உள்ளே போய்ச் சேருகிறது என்று அர்த்தம். மீதி சூடாகிக் காற்றில் போகிறது. ஒரு கணக்கு. கேம் ஓடும்போது உள்ளே 360 வாட் தேவைப்படும் சிஸ்டம் 80 சதவீதத் திறனில் சுவரிலிருந்து 450 வாட் இழுக்கும். தினம் 4 மணி நேரம், 60 நாள் என்றால் 108 யூனிட். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று 2016இல் வந்த சலுகை முழுவதையும் இந்த ஒரு பெட்டியே தின்றுவிடும். 90 சதவீதத் திறன் என்றால் அதே விளையாட்டுக்கு 96 யூனிட்.

◆ 600 விஏ என்று எழுதிய சாதாரண யுபிஎஸ், பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். அதில் மேலே சொன்ன சிஸ்டத்தை மாட்டினால், கேம் நடுவில் கரண்ட் போகும்போது யுபிஎஸ்ஸும் சேர்ந்து அணைந்துவிடும்.

◆ கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறதா? கம்ப்யூட்டரைக் குறை சொல்லாதீர்கள், பிளக்கின் மூன்றாவது முனையைப் பாருங்கள். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இரைச்சலை வடிகட்டும் சிறு மின்தேக்கிகள் உண்டு. கசியும் கொஞ்சம் கரண்ட்டை அவை எர்த்துக்கு அனுப்புகின்றன. எர்த் இணைப்பு சரியில்லாத வீட்டில் அது கேபினட்டிலேயே தங்கி நிற்கும். வாடகை வீடென்றால் கம்ப்யூட்டர் வருமுன்பே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். கம்ப்யூட்டருக்காக மட்டும் சொல்லவில்லை, பிள்ளைக்காகவும்தான்.

◆ 16 ஜிபி ராமை ஒரே பட்டையாகப் போடுவதும் 8 ஜிபியாக இரண்டு பட்டைகள் போடுவதும் ஒன்றல்ல. இரண்டு போட்டால் பிராசஸருக்கு இரண்டு வழி கிடைக்கும். மலிவான ரெடிமேட் பெட்டிகள் பலவற்றில் ஒன்றுதான் இருக்கும். இன்னொன்று: பெட்டியில் 6000 என்று அச்சிட்ட டிடிஆர்5 ராம், மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற அமைப்பை ஆன் செய்யாதவரை குறைந்த வேகத்திலேயே ஓடும். காசு கொடுத்து வாங்கிய வேகத்தை ஒருமுறைகூடப் பார்க்காத வீடுகள் உண்டு.

◆ ஏஎம்டி பிராசஸர்களை மாட்டும் ஏஎம்4 சாக்கெட் முதலில் வந்தது கடைக்கு அல்ல. 2016இல் ரெடிமேட் கம்ப்யூட்டர்களில்தான். 2017இல் அதே சாக்கெட்டில் ரைசன் பிராசஸர்கள் வந்தன. அப்போது வாங்கிய போர்டுகள் பலவற்றில், பயாஸை மட்டும் புதுப்பித்து, 2022 ஏப்ரலில் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி வரை மாட்ட முடிந்தது. அஞ்சு வருடப் பழைய போர்டுக்குப் புது உயிர். ரெடிமேட் பெட்டி என்றால் பயாஸ் அப்டேட் தருவதும் தராததும் அந்தக் கம்பெனியின் விருப்பம்.

◆ ரெடிமேட் ஜெயிக்கும் காலமும் உண்டு. 2021இல் கிராபிக்ஸ் கார்டு தனியாகக் கிடைக்காமல், கார்டுக்காகவே முழு ரெடிமேட் பெட்டியை வாங்கியவர்கள் உலகெங்கும் இருந்தார்கள். 2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்கள் ராமை அள்ளிக்கொண்டதால் விலை ஏறியது. அந்த டிசம்பரில் மைக்ரான் தன் க்ரூஷியல் பிராண்டின் சில்லறை வியாபாரத்தையே மூடுவதாக அறிவித்தது. இப்படிப்பட்ட நேரத்தில், பழைய விலைக்குக் கட்டி வைத்த ரெடிமேட் பெட்டி ஏதாவது ஸ்டாக்கில் இருந்தால் அதுவே லாபம். இரண்டு கொட்டேஷனையும் ஒரே நாளில் வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

◆ கிரிப்டோ கரன்சி நெட்வொர்க்கான ஈத்தரியம், கிராபிக்ஸ் கார்டுகளை வைத்து நடந்த மைனிங்கை 2022 செப்டம்பர் 15 அன்று கைவிட்டது. அதுவரை இரவு பகலாக ஓடிய கிராபிக்ஸ் கார்டுகள் செகண்ட் ஹேண்ட் சந்தைக்கு வந்து சேர்ந்தன. பழைய கார்டு வாங்கினால், கார்டைத் தயாரித்த கம்பெனியின் தளத்தில் சீரியல் நம்பரைப் போட்டு வாரண்டி பாருங்கள்.

◆ ரெடிமேட் பெட்டியோடு வரும் விண்டோஸ் லைசென்ஸ் பொதுவாக அந்த மதர்போர்டோடு கட்டிப்போட்டது. போர்டை மாற்றினால் லைசென்ஸும் போச்சு.

◆ கூரியரில் வரும் ரெடிமேட் பெட்டிக்குள் கார்டு ஆடாமல் இருக்க நுரை அடைத்திருப்பார்கள். நுரையை வெளியே எடுக்காமல் ஸ்விட்சைப் போடாதீர்கள்.

◆ எங்கள் வீட்டில் நடந்தது. புது கார்டு போட்டும் கேம் இழுத்து இழுத்து ஓடியது. கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடத் தயாரான நேரத்தில், பின்பக்கம் பார்த்த பக்கத்து வீட்டுத் தம்பி எச்டிஎம்ஐ ஒயரைப் பிடுங்கிக் கீழே இருந்த கார்டில் மாட்டினார். அதுவரை மானிட்டர் மதர்போர்டில் இருந்திருக்கிறது!

◆ பில்லில் ‘கேமிங் பிசி 1’ என்று ஒரே வரியாகப் போட்டால் வாங்காதீர்கள். ஒவ்வொரு பொருளும் மாடல் பெயர், சீரியல் நம்பரோடு தனி வரியாக வர வேண்டும். பிராசஸருக்கு மூன்று வருடம், நல்ல எஸ்எம்பிஎஸ்ஸுக்கு அதற்கும் மேலே என்று வாரண்டி தனித்தனியாக ஓடுவதால், அந்தச் சீரியல் நம்பர்தான் உங்கள் கையிலிருக்கும் பத்திரம். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பெங்களூரு கடையில் ஆன்லைனில் வாங்கியிருந்தாலும் திருமழிசையில் குடியிருப்பவர் திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை புகாருக்குக் கட்டணம் கிடையாது.

◆ ரிச்சி தெருவில் ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமை காலையிலேயே கிளம்புங்கள், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். பூட்டுகிறவர் பக்கத்தில் நின்று பார்க்க அனுமதி கேளுங்கள். மதர்போர்டு கேபினட்டின் தகட்டில் நேராக உட்காராமல் பித்தளைக் குமிழ்கள் மேல் நிற்பதை, பிராசஸர் மேல் பட்டாணி அளவு பேஸ்ட் வைப்பதை, ராம் டக்கென்று சத்தம் போட்டுப் பூட்டிக்கொள்வதை அந்தப் பிள்ளை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால், அடுத்த ராமை வீட்டிலேயே மாட்டிவிடும்.