தேமலின் பரப்பு

தோலில் படர்ந்த தேமல் சென்ற மாதத்தைவிடக் குறைந்ததா, கூடியதா? கண்மதிப்பை நம்பி மருந்தை நிறுத்துவது தகுமா? அளந்தே அறிதல் வேண்டும்.

தேமலை ஒட்டி, அதே தளத்தில் ஓர் அளவுகோலை வைத்து, காமிராவை நேர்செங்குத்தாகப் பிடித்துப் படம் எடுக்க வேண்டும். சாய்த்தால் வட்டமும் நீள்வட்டமாகத் தோன்றும். பின்னர் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களில் உருவான ‘இமேஜ் ஜே’ போன்ற இலவச மென்பொருளில் தேமலின் ஓரத்தை வரைந்தால், உள்ளே அடங்கிய படப்புள்ளிகளைக் கணினி எண்ணித் தருகிறது.

அளவுகோலில் 10 மில்லிமீட்டருக்கு 200 புள்ளிகள். ஆகவே 1 மில்லிமீட்டருக்கு 20. தேமலுக்குள் 1,20,000 புள்ளிகள் இருப்பின் பரப்பு யாது? இருபதால் வகுத்து 6,000 என்பீர்கள்! நில அளவைக் கணக்கில் என் மாணவர்களும் இப்படித்தான் இடறினார்கள். ஒரு சதுர மில்லிமீட்டரில் 20 வரிசை, வரிசைக்கு 20 புள்ளி, ஆக 400. எனவே பரப்பு 300 சதுர மில்லிமீட்டர்.

ஆயினும் எல்லாம் படத்தில் அகப்படுவதில்லை. நம் திருநின்றவூருக்கு மேற்கே, திருவள்ளூரைச் சுற்றிய ஊர்களில் 1968-இல் பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு தொடங்கியது. அதில் காசநோய்ச் சோதனை ஊசி போட்ட இடத்தில் அளக்கப்பட்டது சிவப்பு அன்று, தடிப்பு. அதன் விளிம்பை விரலால் தடவித்தான் காண இயலும்.